சுழலும் வட்டம்: வீட்டு இணையத்தின் வேகம், நிலைபேறு, வரம்பு குறித்த ஓர் ஆராய்ச்சி

வீட்டு இணையமாவது வேகம், நிலைபேறு, வரம்பு என்னும் மூன்று உறுப்புகளை உடையது. ஒரு நொடியில் எத்தனை பிட் வந்து சேரும் என்பது வேகம். நாளை இந்நேரமும் அது வருமா என்பது நிலைபேறு. வந்தது போதும் என்று நிறுவனம் எப்போது சொல்லும் என்பது வரம்பு. இவற்றுள் முதலாவது மட்டுமே விளம்பரங்களில் ஆள் உயர எழுத்தில் நிற்கிறது. மற்ற இரண்டும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், மூக்குக்கண்ணாடி அணிந்தவரும் ஒருமுறை தயங்கும் அளவில் குடியிருக்கின்றன. சிங்கப்பூரில் இன்று ஒரு வீட்டுக்கு நொடிக்கு 10 ஜிகாபிட் வரை வாங்கலாம். ஆயினும் இரவு ஒன்பது மணிக்குத் திரையின் நடுவே ஒரு சிறு வட்டம் சுழலக் காண்கிறோம். அது ஏன் சுழல்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். வேகம் போதாமையால் சுழல்கிறது என்பது விளம்பரக்காரர் கொள்கை. அக்கொள்கை பொருந்தாது என்பதும், வீட்டு இணையத்தை வேகத்தால் விற்பதை விட்டு நிலைபேற்றாலும் வரம்பாலும் விற்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் வரலாறு. ‘சிங்கப்பூர் ஒன்’ என்னும் நாடளாவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பு 1998இல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 512 கிலோபிட் வந்தால் அண்டை வீட்டார் எட்டிப் பார்த்த காலம் அது. 2010இல் கண்ணாடியிழைச் சேவை தொடங்கியது. இழையைப் பதிப்பது ஒரு நிறுவனம், அதில் ஒளியூட்டி மொத்தமாக விற்பது இன்னொன்று, வீட்டுக்குச் சில்லறையாக விற்பவை வேறு பல என்று ஏற்பாடானது. 2014 தொடக்கத்தில் மைரிபப்ளிக் 1 ஜிகாபிட்டை மாதம் 50 வெள்ளிக்கும் குறைவாக விற்கத் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை செலவிட்டுக் கட்டமைப்பை 10 ஜிகாபிட்டுக்கு உயர்த்தப்போவதாகவும், 2028க்குள் அரை மில்லியனுக்கும் மேற்பட்ட வீடுகள் அவ்வேகத்தைப் பெறும் என எதிர்பார்ப்பதாகவும் அறிவித்தது. ஆக, கால் நூற்றாண்டில் வேகம் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு உயர்ந்திருக்கிறது. இதே காலத்தில் ஒரு சிங்கப்பூரருக்குரிய கண்களின் எண்ணிக்கை இரண்டிலேயே நிற்கிறது. இவ்வேறுபாட்டைக் கருதாத எந்த ஆய்வும் முழுமையாகாது.

அடுத்துத் தேவை. 4கே தரப் படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்கிறது. 10 ஜிகாபிட்டை 15 மெகாபிட்டால் வகுத்தால் ஈவு 666. எனவே கொடுத்த காசுக்குக் குறைவின்றி நுகர விரும்பும் குடும்பம் ஒரே சமயத்தில் 666 தொலைக்காட்சிகளை ஓடவிட்டாக வேண்டும். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நாலறை வீட்டின் பரப்பு சுமார் 90 சதுர மீட்டர். கட்டில், அடுப்பு, பூசை மாடம் அனைத்தையும் அப்புறப்படுத்தினாலும் ஒரு தொலைக்காட்சிக்குக் கிடைப்பது 1,350 சதுர சென்டிமீட்டர். ஒரு தலைவாழை இலை விரிக்கவும் அது காணாது. பார்ப்பவர் எங்கே நிற்பது என்பது தனி ஆய்வுக்குரியது. போதாக்குறைக்கு, கடையில் விற்கும் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவற்றின் கம்பித்துளை நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் விழுங்காது. வாசல்வரை பத்தாயிரம் வந்து நூறு மட்டும் உள்ளே போகும் நிலைக்கு வேகம் என்று பெயரிடுதல் வழக்காறு.

உள்ளே போனதும் முழுதாகப் போவதில்லை. 1997ஆம் ஆண்டின் புகலிடச் சட்டத்துக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் குண்டுவீச்சிலிருந்து காக்கும் அறை ஒன்று உண்டு. கெட்டிக் கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு. போர் இல்லாத காலத்தில் அரிசி மூட்டை, பழைய பெட்டி, சென்ற தீபாவளியின் சரவிளக்கு ஆகியவற்றோடு ரௌட்டரும் அங்கே தஞ்சம் புகுவதுண்டு. வரவேற்பறையின் அழகு கெடலாகாது என்பது காரணம். குண்டை உள்ளே விடாத சுவர் வைஃபையையும் வெளியே விடாது. லிட்டில் இந்தியாவின் நிலையும் இதற்கு இளைத்ததன்று. 1989இல் மரபுப் பாதுகாப்பு வட்டாரமான அங்கே, டன்லப் ஸ்திரீட் முதல் கேம்பல் லேன் வரை உள்ள பழைய கடைவீடுகள் குறுகி நீண்டவை. முன்வாசலில் வைத்த ரௌட்டரின் அலை, தடித்த செங்கல் சுவர்களைக் கடந்து பின்கட்டுக்குப் போய்ச் சேரும்போது களைத்துவிடுகிறது. இச்சுவர்கள் சந்தாவை உயர்த்தினால் மெலிவதாகத் தெரியவில்லை.

சுவரைக் கடந்தாலும் கடல் இருக்கிறது. தேக்காவிலிருந்து சென்னைக்கு முகம் பார்த்துப் பேசுபவரின் குரல் கடலடிக் கம்பியில் போகிறது. 2002இல் சிங்கப்பூரையும் சென்னையையும் இணைத்த ‘ஐ-டு-ஐ’ கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே போக 16 மில்லிநொடி, வர 16 மில்லிநொடி. 500 மெகாபிட் வாங்கியவருக்கும் 10 ஜிகாபிட் வாங்கியவருக்கும் ஒளி ஒரே நடைதான் நடக்கும். கம்பி அறுந்தாலோ இருவரும் முற்றிலும் சமம். 2006 டிசம்பர் 26 அன்று தைவானுக்கு அருகே நிலநடுக்கத்தில் கடலடிக் கம்பிகள் அறுந்து ஆசியாவின் இணையம் தள்ளாடியபோது, எவருடைய சந்தா உயர்ந்தது என்று கடல் விசாரிக்கவில்லை.

இனி ரௌட்டரின் நிலைகளை வகுப்போம். இதற்குப் புதிய கலைச்சொற்கள் வேண்டா. தமிழ் மரபு முன்னரே வகுத்துத் தந்திருக்கிறது. விளக்குகள் யாவும் பச்சையாய் ஒளிர்வது புணர்தல், ஆகவே குறிஞ்சி. வட்டம் சுழலச் சுழலப் பொறுத்துக் காத்திருப்பது இருத்தல், ஆகவே முல்லை. வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை என்று கைபேசி அறிவிப்பது, ஒரே வீட்டில் இருந்தும் பேசாமையாகிய ஊடல், ஆகவே மருதம். சேவை எண்ணை அழைத்து, பாட்டைக் கேட்டபடி தன் முறை வரும்வரை புலம்புவது இரங்கல், ஆகவே நெய்தல். எல்.ஓ.எஸ். விளக்கு சிவந்து, இழையில் ஒளியே இல்லை என்று காட்டுவது பிரிதல்; ஆகவே பாலை. வேகத்தைக் கூட்டினால் குறிஞ்சி சற்றே இனிதாகும். மற்ற நான்கு திணைகளுக்கும் அதனால் யாதொரு பயனும் இல்லை. மக்கள் நினைவில் வைத்துப் பேசுவதோ அந்த நான்கைத்தான்.

பாலைக்கும் மருதத்துக்கும் சான்றுகள் பல. 2013 அக்டோபர் 9 அன்று சிங்டெல்லின் புக்கிட் பாஞ்சாங் இணைப்பகத்தில் தீப்பிடித்துப் பெருந்திரளானோரின் சேவை அறுந்தது; மறு ஆண்டு சிங்டெல்லுக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 2016 அக்டோபர் 22, 24 ஆகிய நாள்களில் ஸ்டார்ஹப்பின் பெயர்த்தேடல் (டிஎன்எஸ்) கணினிகள் தாக்கப்பட்டு வீடுகளின் இணையம் நின்றது. தாக்கியவை எவை என ஆராய்ந்தபோது, நச்சுநிரல் புகுந்த வெப்கேமராக்களும் ரௌட்டர்களுமாகிய வாடிக்கையாளரின் சொந்தக் கருவிகளே என்று அந்நிறுவனம் தெரிவித்தது. இங்கே வேகம் உதவவில்லை என்பதோடு, தாக்குபவன் பக்கமும் நிற்கக்கூடியது என்பது பெறப்படும். 2020இல் கொவிட் முறியடிப்புக் காலத்தில் வேலை, பள்ளி, வழிபாடு யாவும் வீட்டுக்குள் வந்த நேரத்தில் ஏப்ரலில் ஸ்டார்ஹப்பும் மே மாதத்தில் எம்1 நிறுவனமும் தடைப்பட்டன; தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம் முறையே 210,000 வெள்ளியும் 400,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. பூஜ்யத்தைப் பத்து ஜிகாபிட்டால் பெருக்கினால் வருவது பூஜ்யமே.

99.9 விழுக்காடு நேரம் இயங்கினால் போதாதா என்பார் உளர். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 விழுக்காடு என்பது 8 மணி 45 நிமிடம் 36 நொடி. இது பின்னிரவு மூன்று மணிக்குச் சில்லறையாக வந்தால் அறிபவர் இலர். பிள்ளையின் இணையத் தேர்வு நாளில் ஒரே தவணையாக வந்தால் குடும்பமே அறியும். எனவே விழுக்காட்டோடு, எத்தனை முறை, எந்நேரத்தில், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

மூன்றாம் உறுப்பாகிய வரம்பின் இலக்கணத்தை இந்தியாவில் தெளிவாகக் கற்கலாம். அங்கே ஜியோ, ஏர்டெல் போன்றவற்றின் ‘அளவில்லா’ வீட்டுத் திட்டங்களுக்கு மாதம் 3,300 ஜிகாபைட் என்ற நியாயப் பயன்பாட்டு அளவு குறிக்கப்பட்டது. நொடிக்கு 30 மெகாபிட்டில் இடைவிடாது இறக்கினால் இவ்வளவு தீரப் பத்து நாளாகும். 1 ஜிகாபிட்டில் 7 மணி 20 நிமிடம். 10 ஜிகாபிட்டில் 44 நிமிடம். அதாவது வரம்பு அசையாமல் வேகம் மட்டும் உயர்ந்தால், மாதம் ஒரு மதியத் தூக்கத்தினும் குறுகிவிடுகிறது. சிங்கப்பூரின் வீட்டுத் திட்டங்களில் பொதுவாக இத்தகைய எண் இல்லை. ஆனால் வரம்பு இல்லாமல் இல்லை. அது எண்ணாக இல்லாமல் அண்டை வீட்டாராக இருக்கிறது. ஜிபான் வகை இழையில் நொடிக்கு 2.488 ஜிகாபிட்டைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எல்லாரும் ஒரே இரவில் ஒரே ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால் 1 ஜிகாபிட் வாங்கியவர்க்கெல்லாம் 1 ஜிகாபிட் வராது என்பதற்கு வகுத்தல் தெரிந்தால் போதும். பகிர்வது குற்றமன்று, பகிர்வதால்தான் விலை மலிகிறது. பகிர்வைச் சொல்லாமல் விடுவதே குற்றம். நெரிசலைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அதை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2011இலேயே இங்குள்ள ஆணையம் கொள்கை வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே.

இனி மறுப்புகள். நூறு ஜிகாபைட் கணினி விளையாட்டை இறக்க 1 ஜிகாபிட்டில் 13 நிமிடம் 20 நொடி, 10 ஜிகாபிட்டில் 80 நொடி. இது இலாபமன்றோ எனின், இலாபமே. மாதம் ஒரு விளையாட்டு எனக் கொண்டால் ஆண்டுக்கு 144 நிமிடம் மிச்சம். ஒரே ஒரு மாலைத் தடங்கலில் அது தீர்ந்துபோகும். எதிர்காலத் தேவைக்கு இன்றே கட்டமைக்க வேண்டாமோ எனின், வேண்டும். நாடு கட்டமைப்பை உயர்த்துவதில் பிழையில்லை. ஆனால் மண்ணுக்கடியில் கிடக்கும் இழை அதே இழை. மாறுவன இரு முனையிலும் உள்ள பெட்டிகளே. ஆகவே நாடு முன்னேற்பாடாகக் கட்டுவது வேறு, ஒரு குடும்பம் இன்றே வாங்கியாக வேண்டும் என்பது வேறு. பெரிய கோப்புகளை நாள்தோறும் அனுப்பும் படத்தொகுப்பாளர் போன்றோர்க்கு 10 ஜிகாபிட் தகும். விதிவிலக்கை விதியாக்குதல் கூடாது. நிலைபேற்றை விளம்பரம் செய்ய முடியாதே எனின், அளக்க முடியாததற்கு யாரும் அபராதம் விதிப்பதில்லை. அளந்ததை அச்சிடவும் முடியும்.

மின்சாரத்தைப் பாருங்கள். எஸ்பி குழுமத்தின் மின்தடை ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சிங்கப்பூரில் எவரும் மின்சாரம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று கேட்டு வீடு வாங்குவதில்லை. அது வரும் என்பதே அதன் பெருமை. இணையமும் அந்நிலைக்கு வர வேண்டுமாயின், ஒவ்வொரு திட்டத்தின் முகப்பிலும் மூன்று எண்களை ஒரே அளவு எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும்: மாலை ஏழு முதல் பதினொன்று வரை உண்மையில் கிடைத்த வேகம், சென்ற ஆண்டு சேவை நின்ற நேரம், வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் அளவு. ஆணையம் இதை ஆணையாக்கும்வரை, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இம்மூன்றையும் விற்பனையாளரிடம் கேளுங்கள். மூன்றாம் கேள்விக்குள் அவர் மேலாளரை அழைத்தால், மலிவான திட்டத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் முதல் வேலையாக ரௌட்டரைக் குண்டுப் புகலிட அறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.