பீரங்கி வாங்கப் போற பேரனுக்கு

ஏலே ராசா, நேத்து நீ அனுப்புன போட்டோவ உங்க ஆச்சி மூக்குக்கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தா. “புள்ளை தோள்ல என்ன, நாவப்பழத்த நசுக்குன மாதிரி கன்னிப்போய்க் கெடக்கு?”ன்னு கேட்டா. எவனோ சிநேகிதனோட துப்பாக்கிய வாங்கி நாலு ரவுண்டு சுட்டிருக்கான்னு சொன்னேன். “அய்யோ, அப்ப எதுர்ல நின்னது என்ன கதியாச்சோ?”ன்னா பாவம். எதுர்ல நின்னது காகித அட்டை, அதுக்கு ஒரு சேதமும் இல்ல, உன் பேரனுக்கு மட்டுந்தான் காயம்னு தேத்தி வச்சிருக்கேன்.

இப்ப அதே .300 வின்செஸ்டர் மேக்னத்தச் சொந்தமா வாங்கப் போறேங்குற. வாங்குடா. டெக்சாஸ்ல வீடு வாங்கிட்ட, கிரீன் கார்டு வாங்கிட்ட, இது ஒண்ணு கொறையா? எல்க்னு அந்த ஊர்ல குதிரை ஒசரத்துக்கு ஒரு மான் இருக்காமே, அத அடிக்கிறவன் தோள்ல போட்டுட்டு மலையேறுற சாமான் அது. நீ சனிக்கிழமை சனிக்கிழமை அட்டையத்தான் சுடப் போற. இருந்தாலும் காகிதத்த நம்ப முடியாதுல்லா? திரும்பி முட்ட வந்துச்சுன்னா என்ன செய்வ? பெருசாவே வாங்கிக்கோ.

நான் கரிசக்காட்டுல பருத்தியும் உளுந்தும் போடுற கெழவன், எனக்கென்ன தெரியும். பட்டாளத்துல தின்ன சோத்துக்கு ஒரு கதை மட்டும் சொல்லுதேன்.

வெலிங்டன்ல ரெக்ரூட்டா இருந்தப்போ .303 கையில குடுத்தாங்க. அது தோள்ல இடிக்கிற இடி நம்ம செவலைக் காளை முட்டுனது கணக்கா இருக்கும். ரெண்டே நாள்ல எனக்கு ஒரு வித்தை பழகிப் போச்சு. வெடிக்கிறதுக்கு ஒரு இமைப்பொழுது முன்னாடியே கண்ணு மூடிரும், தோளு முன்னால தள்ளிரும், குழல் முனை தாழ்ந்துரும். நான் செய்யுதேன்னு எனக்கே தெரியாது. குண்டு எங்கயோ புல்லுக்குள்ள போகும். “இந்தத் துப்பாக்கி கோணல் உஸ்தாத்”னு தைரியமா வேற சொன்னேன்.

சுடப் பழக்குற உஸ்தாத் பதில் பேசல. அடுத்த ரவுண்ட அவரே உள்ள போட்டுக் குடுத்தாரு. மூச்ச அடக்கிக் குறி பாத்து விசைய இழுத்தேன். ‘டிக்’. அவ்வளவுதான், வெடிக்கல. ஆனா நான் மட்டும் வெடிச்ச மாதிரியே குலுங்கி, கண்ண இறுக்கி, மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் கெடக்கேன். உள்ள இருந்தது வெத்து ரவுண்டு. ரேஞ்சுல நின்ன பய பூராச் சிரிச்சான். கோணல் எதுலன்னு அன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புறம் ஒரு மாசம் கையில சின்ன .22 துப்பாக்கிதான், .303 பக்கமே விடல.

பெரிய துப்பாக்கில இருக்கிற பெரிய சௌகரியம் அதுதான் பாத்துக்கோ. நீ செய்யுற தப்பு பூராவும் சத்தத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிடும். தோள் வலியச் சொல்லித் தப்பிச்சுக்கிடலாம், காத்தச் சொல்லலாம், கடைக்காரனச் சொல்லலாம். .22கிட்ட அந்த மரியாதையெல்லாம் கெடையாது. அது இடிக்காது. அதனால சுட்ட பெறகும் குறிமுள்ளு எங்க நிக்குன்னு உன் கண்ணுக்கு நல்லாத் தெரியும். தள்ளிப் பட்டிருந்தா ஆளு நீதான்.

அதுல போற குண்டு என்ன பெருசு? குறுக்க அஞ்சரை மில்லிமீட்டர் சொச்சம். எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம், ஒரு பவுன்ல மூணுல ஒரு பங்கு. நீ கேக்குற மேக்னம் குண்டோட சக்தி இதுக்கு 25 மடங்கு பக்கம் வரும்.

சிவகாசிக்குப் பக்கத்துல பொறந்துட்டு உனக்கு இத வெளக்கணுமா? சின்ன வயசுல பொட்டு வெடிய அம்மிக்கல்லுல வச்சு நச்சுவியே, அதே கணக்குதான். பெரிய தோட்டாவுக்கு அடியில நடுவுல ஒரு கேப்பு தனியா இருக்கும். .22க்கு அது இல்ல. பித்தளைக் கூட்டோட அடி விளிம்பு உள்ளுக்குள்ள பொள்ளலா இருக்கும், அதுக்குள்ள மருந்தச் சுழட்டிப் பரத்தியிருப்பான். ஊசி விளிம்புல நச்சுனாப் போதும். விளிம்பு நசுங்கணும்னா பித்தளை மெலிசா இருக்கணும். மெலிசா இருந்தா பெரிய அழுத்தம் தாங்காது. அதான் இந்தச் சாதி வளராமச் சின்னதாவே நின்னு போச்சு. 1857ல ஸ்மித் அண்ட் வெஸன் குட்டையா ஒண்ணு போட்டான். இப்ப ஒலகம் பூராச் சுடுற லாங் ரைஃபிள் ரவுண்டு 1887ல வந்தது. உங்க பூட்டனுக்கு மூத்தது, இன்னும் கடையில புதுசா விக்கு.

காசச் சொன்னா கோவப்படுவ. இருந்தாலும் சொல்லுதேன். .22 ரவுண்டு ஒண்ணு பத்து சென்ட் பக்கம். உன் மேக்னம் ரெண்டு டாலருக்கு மேல. இருபது ரவுண்டுப் பெட்டி ஒண்ண நீ தோளத் தடவிக்கிட்டே தீக்கிற காசுல, பக்கத்து மேசைப் பொடியன் நானூறு ரவுண்டு சுட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவான். அவன் குறி நல்லா இருக்குறது அதிர்ஷ்டம்னு வச்சுக்கோ.

சின்னதுன்னா சுலபம்னு நெனைக்காத. 50 கெஜத்துக்குச் சரிபண்ணி வச்சத 100 கெஜத்துல சுட்டா, அரை அடிக்கு மேல கீழ எறங்கிரும். லேசாக் காத்தடிச்சாலும் பக்கவாட்டுல தள்ளிரும். நூறு கெஜத்துக்குள்ளயே காத்தும் எறக்கமும் படிச்சுக்கலாம். பெருசுல அதே பாடம் படிக்க முந்நூறு கெஜம் மைதானம் வேணும், உன் வீட்டுப் பக்கத்துல அது இருக்கா?

ஸ்வப்னில் குசாலேன்னு கோலாப்பூர்ப் பக்கத்துக் கம்பல்வாடிப் பய, அப்போ ரயில்ல டிக்கெட் பரிசோதிக்கிற உத்தியோகத்துல இருந்தான். 2024 பாரிஸ்ல முட்டி போட்டு, குப்புறப் படுத்து, நின்னுன்னு மூணு நெலையிலயும் சுட்டு 451.4 புள்ளிக்கு வெண்கலம் வாங்கினான். 50 மீட்டர் தள்ளி இருந்த அட்டைல பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பித்தான் அளவு. கையில இருந்தது இதே .22 சாதிதான். நீ அவனவிடக் கெட்டிக்காரன், அதனால உனக்குப் பெருசு வேணும்.

கடையில ரூகர் 10/22ன்னு 1964லருந்து விக்கிற ஒண்ணக் காட்டுவான், பத்து ரவுண்டு தானா ஏறும். நல்ல சாமான்தான், ஆனா உன் கைக்கு அது தீவாளிச் சரவெடி. மொதல்ல ஒவ்வொண்ணா போல்ட்ட இழுத்துப் போடுறத வாங்கு. அவசரம் குறையும்.

வெளையாட்டுச் சாமான்னும் நெனைச்சுராத, இங்க நான் கேலி பண்ணல. அந்தக் குட்டிக் குண்டு ஒரு மைல் பக்கம் போகும். தண்ணியிலயும் பாறையிலயும் பட்டா எகிறும். பின்னால மண்மேடு இல்லாத எடத்துல விசைய தொடாத. விளிம்பு மருந்து சிலசமயம் பத்தாது. ‘டிக்’னு நின்னா குழல அட்டையப் பாத்தே வச்சுக்கிட்டு முப்பது எண்ணு, அப்புறந் தெற. வெறும் துப்பாக்கிய டக்கு டக்குன்னு அடிச்சு வெளையாடாத, பல .22ல ஊசி அறை விளிம்புல இடிச்சுப் பள்ளம் விழுந்துரும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. ஈயத்தத் தொட்ட கையோட ஆச்சி அனுப்புன அதிரசத்தத் தொட்டேன்னா இங்கருந்தே ஒதைப்பேன்.

அடுத்த வாட்டி துப்பாக்கியோட நிக்கிற போட்டோ அனுப்பாத. சுட்ட அட்டைய அனுப்பு. ஓட்டைய எண்ணிக்கிடுதேன்.

இரு, ஆச்சி போனக் கேக்கா. “பேரனுக்கு என்னத்த இம்புட்டு நேரம் சொல்லுதீக?”ன்னா. இருபத்திரெண்டே போதும், பெருசெல்லாம் வேண்டாம்னு சொல்லுதேன்னேன். ஒடனே முந்தானையச் செருகிக்கிட்டு ஒக்காந்துட்டா: “இருபத்திரெண்டா? பயலுக்கு முப்பத்தொண்ணு, ஒம்பது வயசு வித்தியாசம் ஒண்ணும் மோசமில்ல. பொண்ணு எந்த ஊராம்?”