கொலம்பைனும் உறைமேல் போட்ட படமும்

இலத்தீனில் 'கொலும்பா' என்றால் புறா. கொலம்பைன் பூவைத் தலைகீழாகப் பிடித்தால் ஐந்து புறாக்கள் வட்டமாகக் கூடியிருப்பதுபோலத் தெரியும். தாவரவியல் பெயரான அக்விலீஜியா, அதே பூவின் கொம்புகளில் கழுகின் நகத்தைக் காண்கிறது என்பார்கள். இங்கிலாந்தில் அது பாட்டியின் தொப்பி. இந்தப் பூ எதுவாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை பெயரிலேயே உண்டு. விதை வாங்குவோர் அதைப் படிப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

விதை எள்ளளவு, பளபளக்கும் கறுப்பு. ஈர மணலில் கலந்து மூன்று, நான்கு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் நன்றாக முளைக்கும். வெளிச்சமும் வேண்டும் என்பதால் மேலே மண் போட்டு மூடக்கூடாது. அரைநிழலும் நீர் தேங்காத மண்ணும் போதும். ஆணிவேர் ஆழமாக இறங்கும். வளர்ந்த பின் பிடுங்கி நட்டால் செடி முறுக்கிக்கொள்ளும். பூக்க மறு வருடம் ஆகும்.

படத்தில் உள்ள நிறத்தையே பெறும் வழி கடைசியில் வரும். உறைமேல் இருப்பது நீலமும் வெள்ளையும் கலந்த கொலராடோ வகை. 1899 முதல் அந்த மாநிலத்தின் மலர். முதல் தலைமுறை அப்படியே பூக்கும். பிறகு காய் வெடித்து விதை தானாகச் சிதறும். பக்கத்து வீட்டு ஊதாவிலிருந்து மகரந்தம் சுமந்து வண்டு ஏற்கெனவே வந்து போயிருக்கும். கொலம்பைன் குடும்பத்தில் பொருத்தம் பார்க்கும் வழக்கமே கிடையாது; இனம் விட்டு இனம் தாராளமாகச் சம்பந்தம் செய்துகொள்ளும். இந்த மே மாதமும் ஒரு வேலியோரத்தில் நீலத்துக்குப் பதில் பீட்ரூட் கழுவிய தண்ணீரின் நிறம் பூத்தது. அதற்கடுத்தது வெளிறிய பீட்ரூட். அதற்கடுத்தது பீட்ரூட்டை நினைத்துக்கொண்ட வெள்ளை. செங்கல் இடுக்கில் யாரும் விதைக்காமல் வந்தது மட்டும் திடமாக, கொழுகொழுவென்று, பீட்ரூட்டாகவே நின்றது. வண்டு மகரந்தத்தையாவது ஒழுங்காகச் சுமக்கிறதா என்றால், குட்டை நாக்கு வண்டு கொம்பின் பின்பக்கம் ஓட்டை போட்டுத் தேனைக் குடித்துவிட்டுப் போகிறது.

இலைக்குள் சுரங்கம் தோண்டும் புழு, சிலேட்டில் குழந்தை கிறுக்கியதுபோல வெள்ளைக் கோடு போடும். செடி சாகாது, அழகுதான் போகும். பூத்து முடிந்ததும் இலைகளை அடியோடு வெட்டினால் புதிது துளிர்க்கும்.

கலப்பு நிறம் வேண்டாதவர்கள் காய் பிடிக்குமுன் வாடிய பூவைக் கிள்ளிவிடலாம். ஆனால் செடிக்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு வருடம்தான் ஆயுள். கிள்ளிய வீட்டில் வாரிசும் இருக்காது. அதற்கப்புறம் மறுபடி கடை, மறுபடி உறை, மேலே அதே படம்.