கிளி வேலையும் நானே

அப்போதெல்லாம் எதிர்காலம் கோயில் மதிலோரம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். "மீனாட்சி, வெளியே வாம்மா! தம்பி பேருக்கு ஒரு நல்ல சீட்டா எடு" என்று ஜோசியர் கூண்டைத் திறப்பார். கிளி தத்தித் தத்தி வந்து, மேலே இருக்கிற அட்டைகளைத் தள்ளிவிட்டு, ஒன்றை அலகால் கவ்விக் கொடுக்கும். கூலி ஒரு நெல்மணி. முருகன் வந்தால் படிப்பு, லட்சுமி வந்தால் பணம். படத்தை நான் சரியாகப் பார்ப்பதற்குள் பலன் சொல்லி முடித்துவிடுவார். எடுக்கிற வேலை கிளிக்கு, பேசுகிற வேலை ஜோசியருக்கு, சில்லறை தேடுகிற வேலை அம்மாவுக்கு. எனக்கு வேலையே இல்லை.

இப்போது பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருந்தால் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். ஆகவே கிளியின் வேலையும் என் தலையில். மேசையில் 78 டேரட் சீட்டுகள், கலர் பேனாக்கள், கோடு போடாத நோட்டு, பூப்போட்ட ஒட்டுநாடா. இதற்கு 'கிரியேட்டிவ் ஜர்னலிங்' என்று பெயர். காலையில் ஒரு சீட்டை எடுத்து, பலன் புத்தகத்தைத் திறக்காமல், படத்தில் கண்ணுக்குப் பட்டதை எழுத வேண்டும். படத்தில் நிற்கிற ஆளிடம் இரண்டு கேள்வி கேட்டு, பதிலையும் நாமே எழுத வேண்டும். ஜோசியர் மூச்சு விடாமல் சொன்னதை நான் பேனாவைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். நெல்மணிகூடக் கிடையாது.

இந்தச் சீட்டுகளின் பூர்வீகமும் லேசுப்பட்டதல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்குச் சீட்டாட்டமாகப் பிறந்தவை. 1781இல் பிரான்சின் கூர் த ஜெபலின் இவை பழைய எகிப்தின் ஞானம் என்று எழுதிவிட்டார். எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்க அன்று யாருக்கும் தெரியாது. மறுத்துப் பேச ஆளில்லை. ஜோசியம் ஒட்டிக்கொண்டது. 1909இல் லண்டனில் ஆர்தர் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுகள்தான் இன்று உலகமெங்கும் புழங்குகின்றன. அதற்கு முன் 'ஐந்து கோப்பை' என்ற சீட்டில் பெரும்பாலும் வெறும் ஐந்து கோப்பைகள்தான். பமீலா அதில் ஒரு கதையையே வைத்தார். நோட்டில் எழுத நமக்கு விஷயம் கிடைப்பது அவர் புண்ணியம். சீட்டில் நெடுங்காலம் நிலைத்ததோ வெயிட்டின் பெயரும் பதிப்பாளர் பெயரும். 1951இல் பமீலா கடனோடு இறந்தார். தன் எதிர்காலத்தைச் சீட்டு பார்த்து அவர் தெரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

அந்த 'ஐந்து கோப்பை'யில் கறுப்பு அங்கி போட்ட ஒருவர், கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்துத் தலை குனிந்து நிற்பார். பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் இருக்கும். என் நோட்டில் முதல் தடவை பக்கம் முழுக்கக் கொட்டிப்போனதைப் பற்றிய புலம்பல். பிறகு ஒருநாள் அதே சீட்டு வந்தபோது, மிச்சமிருக்கும் இரண்டைப் பற்றி ஆனந்தமாக எழுதியிருக்கிறேன். சீட்டு மாறவில்லை, இடையில் வீட்டுக் கடன் கிடைத்திருந்தது.

இதைப் புத்தகம் சொல்லித் தராது. ஒரு சீட்டில் நாம் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதைப் பழைய பக்கங்கள்தான் காட்டிக்கொடுக்கும். டேரட் கற்க நினைப்பவர்கள் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். மேலே தேதி போடுங்கள். பலன் புத்தகத்தைக் கடைசியில் திறந்து பாருங்கள். ஒட்டுநாடா கட்டாயமில்லை.