மொட்டைமாடிக் கள்ளியப்பர்

மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகர், விளாங்குடி என்று எங்கே போனாலும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். மல்லிகை ஊரில் மாடி நிறையக் கள்ளி வளர்ப்பவர். கள்ளியப்பர் என்று வைத்துக்கொள்வோம்.

செடி பார்க்க மாடியேறினால் கீழே காபி ஆறிவிடும். "அந்தா, மஞ்ச முள்ளோட உருண்டையா உக்காந்திருக்குல்ல, கோல்டன் பேரல். பொறந்த ஊரு மெக்சிகோ" என்று தொடங்குவார். அடுத்து, சிவப்புத் தொப்பி போட்ட மூன் கேக்டஸ். அந்தச் சிவப்பு உருண்டைக்குப் பச்சையம் கிடையாது. தனக்கு வேண்டியதைச் சமைத்துக்கொள்ள வராது. கீழே ஒட்டுக்கட்டிய டிராகன் பழக் கள்ளியின் உழைப்பில்தான் மினுமினுக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் கண் மைத்துனரைத் தேடும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அவருடைய அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. "ஏப்பா, சப்பாத்திக்கள்ளிய ஒழிக்க உங்க தாத்தா பட்ட பாட்டச் சொல்லச் சொல்லக் கேட்டவ நானு. நீ காசு குடுத்து வாங்கியாந்து கும்பிடுறியாக்கும்!"

நியாயந்தான். சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. காடுமேடெல்லாம் பரவிய அதை, 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் தென்னிந்தியாவில் அடக்கினார்கள். அந்தப் பூச்சிக்குப் பங்காளி முறையான மாவுப்பூச்சியை, கள்ளியப்பர் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பாத ஊர் இது. கள்ளிக்கு அந்தக் குணம்தான் எமன். வீட்டுக்கார அம்மா மனசு கேட்காமல் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவார். பேரன் தன் பங்குக்குத் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்ப்பான். மணலும் செங்கல் பொடியும் கலந்து நட்டிருந்தாலும் எத்தனை நாள் தாங்கும்? வேர் அழுகி, அடி கொழகொழத்துவிடும். அவர் கத்தியைத் துடைத்து, அழுகலை வெட்டியெறிந்து, மிச்சத்தை நிழலில் உலர்த்துவார். வெட்டுவாய் காய்ந்து மறுபடி நடும்வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேச முடியாது.

ஐப்பசி மழை வந்தால் குடை கள்ளிக்கு, நனைவது அவர். தங்கமான மனுஷன்தான், குட்டி கேட்டால் மட்டும் காது கேட்காது.

அவர் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். மாடிக்கு மட்டும் குடத்தோடு ஏறிவிடாதீர்கள்.