மலை குறிக்கும் தேதி

மதுரையில் மாசி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் மூணாறு பேச்சை எடுத்துவிடுவார். மீட்டர் கேஜ் ரயில் ஓடிய காலத்தில், அப்படி ஒரு மாசியில்தான் மாமா தலைமையில் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். போடிநாயக்கனூர் வரை சுமார் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று காலைப்பொழுது ரயிலிலேயே கழிந்தது.

போடியில் பஸ் ஏறியதும் சோதனை ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் அத்தைக்குக் குமட்டல். எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. கண்டக்டர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். அந்த நேரத்தில் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். குரங்கு ஒன்று பெரிய பொட்டலமாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போனது. மூணாறு சேரும்போது இருட்டிவிட்டது. ராத்திரிக் குளிருக்கு இருந்த போர்வைகள் பிள்ளைகளுக்கே பற்றவில்லை.

மறுநாள் காலை பூங்காவுக்குள் நுழையும் இடமான ராஜமலை போனால் வாசல் அடைத்திருந்தது. "வரையாடு குட்டி போடுற நேரம்ணே. ஏப்ரல்லதான் திறப்பாங்க" என்றார் காவலர்.

"மதுரையிலருந்து வர்றோம் தம்பி. பிள்ளைங்க மட்டும் எட்டிப் பாத்துட்டு வந்துரட்டுமே" என்று மாமா கெஞ்சினார். காவலர் அசையவில்லை. ஊர் திரும்பும்வரை பயணம் வீணாய்ப் போன பேச்சுதான்.

2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு அந்த ரயில் நின்றது. அகலப்பாதை ரயில் போடிக்கு வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது. மலைச் சாலையும் இப்போது அகலம். பூங்காவுக்கான சீட்டை அக்கா மகன் வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் எடுத்துவிடுகிறான். ஆனால் அரையாண்டு விடுமுறையில் போனபோது, மூணாற்றில் நகராமல் நின்ற கார் வரிசைக்குள்ளேயே நாங்கள் பதிவு செய்த நேரம் கடந்துபோனது. செல்போன் காட்டிய குறுக்கு வழி ஒரு தேயிலைத் தோட்டத்தின் பூட்டிய கதவில் முடிந்தது. அன்று வண்டிகள் குறைவென்பதால் தவித்தோம். இன்று வண்டிகள் மிகுந்ததால் தவிக்கிறோம்.

மாறாதது ராஜமலை வாசல்தான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அது இன்னும் அடைபடுகிறது. ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்கள் வேட்டையாடிய மலை அது. 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் வரையாட்டுக்கு உலகில் வேறு வீடு கிடையாது. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. பிறந்த குட்டி பாறையில் கால் ஊன்றப் பழகும் நாட்களில் மனிதக் கூட்டம் அங்கே இருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் வரையாடுதான். நம் மாநிலக் கணக்கெடுப்பில் 2024இல் 1,031 ஆக இருந்த எண்ணிக்கை 2025இல் 1,303 ஆனது. இந்த ஏற்றத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மலையை அதன்போக்கில் விட்டுவைக்கும் மாதங்கள் வேண்டும்.

கதவடைப்பு ஆட்டுக்கு மட்டுமான காவலும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று, போடிக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ, மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. பனிக்காலம் முடிந்து புல் காய்ந்து கிடக்கும் மாதம் அது. சமவெளியில் வெயில் தாங்காமல் நாம் மலையை நினைக்கிற அதே நாட்களில்தான் மலை மிக ஆபத்தாக இருக்கிறது. கோடையில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடும்போது முணுமுணுக்கிறவர்கள் குரங்கணியை மறக்கக் கூடாது.

பஸ் நின்றதும் பொட்டலம் போனதும் பயணத்தின் சங்கடங்கள். அடைத்த வாசலை அந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அன்று அந்தக் காவலர் மாமாவுக்கு இரங்கியிருந்தால், அடுத்து வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரங்க வேண்டியிருந்திருக்கும்.

2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி, 2030இல் மறுபடி ராஜமலைச் சரிவுகளில் பூக்க வேண்டும். மதுரையிலிருந்தும் நாலா திசையிலிருந்தும் வண்டிகள் கிளம்பும். இத்தனை பேருக்குத்தான் இன்று இடம் என்று வாசலில் சொன்னால், சிபாரிசு தேடாமல் திரும்பி வரவும் தயாராகவே நாம் மலையேற வேண்டும்.