அண்ணாச்சிக்கு ஒரு சிஆர்எம்

சிவகாசிப் பட்டாசுக் கடைகளுக்கும் சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர் உறவைப் பேணும் மென்பொருள், வேண்டும் என்கிறார்கள். ஆமோதிக்கிறேன். பக்கத்து மாவட்டம் தென்காசியில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கும்போது நாம் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு மாரடிக்கலாமா?

இங்கே வாடிக்கையாளர் வருஷத்தில் பதினைந்து நாள்தான் கண்ணில் படுவார். மற்ற நாளெல்லாம் மென்பொருள் அவரை விலகிப்போனவர் என்று சிவப்பில் காட்டும். ஆகவே மாசியில் ஒரு குறுஞ்செய்தி: ‘நீங்கள் இல்லாமல் எங்கள் சங்குசக்கரம் சுற்ற மறுக்கிறது.’ ஆடியில் கண்ணீர் பொம்மை.

இணையத்தில் பட்டாசு விற்க 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டத்தை மதிக்கும் ஊர் இது. சில தளங்களில் விலைப்பட்டியல், எண்ணிக்கைக் கட்டம், கூட்டுத்தொகை எல்லாம் உண்டு. கடைசிப் பொத்தானில் மட்டும் ‘விசாரணை’ என்றிருக்கும். விசாரித்தவருக்குப் பெட்டி லாரி ஆபீசுக்கு வந்துவிடும். வெறும் விசாரணைக்கே இவ்வளவு மரியாதை!

எண்பது சதவீதத் தள்ளுபடியைப் பார்த்து மென்பொருள் திணறியது. முதல் விலை எதற்கு என்று கேட்டது. தள்ளுபடி செய்யத்தான் என்று விளக்கினார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் வரும் கூட்டத்துக்கு மென்பொருள் ஆயிரம் மடங்கு விரிய வேண்டும். இத்தனைக்கும் வெடிக்க அரசு தருவது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்.

இப்படியொரு மென்பொருள் விற்கும் சின்னக் கம்பெனி, தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க தினசரிக் காலண்டர் அடிக்க சிவகாசி அச்சகத்துக்கு ஆளனுப்பியது. அச்சகத்து அண்ணாச்சி நீள நோட்டைப் புரட்டினார். போன வருஷம் எத்தனை ஆயிரம், எந்தச் சாமி படம், எவ்வளவு பாக்கி என்று வாசித்தார். பிறகு, “தம்பி, அப்பாவுக்கு முட்டுவலி தேவலையா?” என்றார்.