அப்பாவின் தூக்கம் யாருக்குச் சொந்தம்?

காலை ஐந்தே முக்காலுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒரு கட்டுரை போட்டிருந்தார். ‘படித்ததில் பிடித்தது’ என்று தலைப்பு. மதியம் சாய்வு நாற்காலியில் குறட்டை விடும் ஓர் அப்பாவைப் பற்றியது. இரண்டாவது வரியிலேயே உறைத்தது. அந்த நாற்காலி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. போன மாதம் ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரை அது.

ஊர் சுற்றியதில் என் பெயர் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. போஸ்ட் மாஸ்டராக இருந்த அப்பா ராணுவத்துக்குப் போயிருந்தார். நான் எழுதவே எழுதாத கடைசிப் பத்தியில் இறந்தும் போயிருந்தார். அதற்கும் கீழே அப்துல் கலாம் படம்.

“மாமா, இது நான் எழுதினது” என்று போட்டேன்.

“நீயாடா? நல்லாத்தானே இருக்கு!” என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். எழுதினவர் இருக்கும் வரையிலும், போன பிறகு 60 வருஷமும் எழுத்து அவருடைய சொத்து. சொந்தப் படிப்புக்கு, விமர்சனத்துக்கு, செய்திக்கு என்று நியாயமாக எடுத்தாள 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எத்தனை வரி வரைக்கும் நியாயம் என்று அதில் கணக்கு இல்லை. அதனால் மாமாவுக்காக ஒரு கணக்குச் சொன்னேன்: “பக்கத்து வீட்டு மரத்தில் தாளிக்க ஒரு கொத்து கறிவேப்பிலை பறிக்கலாம், யார் வீட்டு மரம் என்றும் சொல்லலாம். குழம்பு நம்முடையதாக இருக்க வேண்டும். கிளையோடு வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது.”

“அருமை. இதையும் ஃபார்வர்ட் பண்ணிட்டேன்” என்றார் மாமா. யார் எழுதியது என்று போட்டிருக்க மாட்டார்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் அதுவரை சும்மா இருந்தாள். “சித்தப்பா, உங்க கட்டுரையில ஒரு பாட்டு முழுசா இருக்கே, அது யார் எழுதினது?”

“எம்.ஜி.ஆர். பாட்டும்மா.”

“அவர் நடிச்சார், சித்தப்பா. எழுதினது யாரு?”

‘நாடோடி மன்னன்’ படத்தில் தூக்கத்தைப் பழிக்கும் பாட்டு. 1958இல் வந்த அந்தப் படத்துக்கு அதை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். மறு வருஷமே இறந்துபோனார், 29 வயதில். ‘60 வருஷம் தாண்டிவிட்டது, யாரிடமும் கேட்க வேண்டாம்’ என்று சட்டம் பேசினேன். “கேட்க வேண்டாம். பேரைப் போடவும் வேண்டாமா?” என்றாள். பாரதி பாடல்களை 1949இல் அரசு வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்காகப் பாரதி பெயரை யாரும் எடுத்துவிடவில்லை. மாமா திருடியது ஒரு கொத்தா கிளையா என்று அளந்துகொண்டிருந்த நான், மரத்தையே வேரோடு பிடுங்கி, பக்கத்துத் தெருக்காரர் பெயரில் நட்டிருக்கிறேன்.

அவள் விடவில்லை. திண்ணைக்குப் போய்த் தாத்தாவுக்குக் கட்டுரையைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள், மாமா அனுப்பியதையே, கடைசிப் பத்தி வரைக்கும்.

“நான் எப்படா செத்தேன்?” என்றார் அப்பா.

“அது நான் எழுதினது இல்லைப்பா.”

“குறட்டை?”

“அது நான்தான்.”

“எவ்வளவு கொடுத்தாங்க?”

“முந்நூறு ரூபாய்.”

“தூங்கினது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

நடந்த சங்கதிக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. சட்டம் என் பக்கம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா அதற்குள் கண்ணை மூடிவிட்டார். குறட்டை சன்னமாக ஆரம்பித்தது.

எழுதிக்கொள்ளலாமா என்று இந்த முறை கேட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். எழுந்திருக்கட்டும்.